ரசிகர் படைப்புகளும் பதிப்புரிமையும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ரசிகர் கதைகளும் ஓவியங்களும் (பிறர் படைத்த கதாபாத்திரங்களை வைத்து ரசிகர்கள் எழுதுபவை, வரைபவை) பகிரும் ஓர் இணையக் குழுவில் பல வருடங்களாக நான் பொறுப்பாளர். புதிதாகச் சேர்பவர்கள் வெளிப்படையாகக் கேட்பதும், பழையவர்கள் நள்ளிரவில் பதறிப்போய்த் தனிச்செய்தியில் கேட்பதும் பெரும்பாலும் ஒரே கேள்விகள்தான். நான் சொல்லிவரும் பதில்களை இங்கே சேர்த்து வைத்திருக்கிறேன். நான் வக்கீல் இல்லை. வழக்கு என்று வந்துவிட்டால் உங்கள் நாட்டுச் சட்டம் தெரிந்தவரைப் பார்ப்பதுதான் சரி. அந்த அளவுக்குப் போகாமல், தேவையில்லாத பயமும் இல்லாமல் எழுதவும் வரையவும் வேண்டியதை மட்டும் சொல்கிறேன்.

காப்புரிமையா, பதிப்புரிமையா?

பதிப்புரிமை. காப்புரிமை என்பது கண்டுபிடிப்புகளுக்குக் கொடுக்கும் பேட்டன்ட். செய்திகளில்கூட இரண்டையும் கலந்து எழுதுகிறார்கள், அதனால் தேடும்போதும் புகார் எழுதும்போதும் கவனம் வேண்டும். காப்புரிமைக்கு விண்ணப்பிக்க வேண்டும். பதிப்புரிமையோ நீங்கள் எழுதும்போதே, வரையும்போதே தானாக வந்துவிடுகிறது. பதிப்புரிமைக்கான சர்வதேச ஒப்பந்தமான பெர்ன் உடன்படிக்கையில் சேர்ந்திருக்கும் 180க்கும் மேற்பட்ட நாடுகளில் இதுதான் நிலை. பதிவு வேண்டாம், வட்டத்துக்குள் 'சி' போட வேண்டியதும் இல்லை. "குறி எதுவும் இல்லையே, அதான் எடுத்தேன்" என்று சொல்ல வழியில்லை.

ஐடியாவுக்கும் உரிமை உண்டா?

இல்லை. அதைச் சொன்ன விதத்துக்குத்தான் உண்டு. இந்திய உச்ச நீதிமன்றம் 1978ல் ஆர்.ஜி. ஆனந்த் வழக்கில் இதைத் தெளிவாகவே சொன்னது: கரு, கதைப்பொருள், வரலாற்று நிகழ்ச்சி இவையெல்லாம் யாருடைய தனிச்சொத்தும் இல்லை. பெற்றோரை இழந்த பையன் மந்திரம் கற்றுத்தரும் பள்ளியில் சேர்கிறான் என்று யார் வேண்டுமானாலும் எழுதலாம். அந்தப் பையனுக்கு நெற்றியில் மின்னல் வடிவத் தழும்பு, வட்டக் கண்ணாடி, கடிதம் கொண்டுவரும் ஆந்தை, இன்ன பெயருள்ள பள்ளி என்று அடுக்கிக்கொண்டே போனால் அது இன்னொருவரின் படைப்புக்குள் நுழைந்துவிட்டது. ஒரு கதாபாத்திரம் எவ்வளவு துல்லியமாக வார்க்கப்பட்டிருக்கிறதோ அவ்வளவு பாதுகாப்பு அதற்கு உண்டு. வெறும் பெயருக்குப் பொதுவாகப் பதிப்புரிமை கிடையாது. ஆனால் அந்தப் பெயர் வணிகச் சின்னமாக (டிரேட்மார்க்) பதிவாகியிருக்கலாம்.

அப்படியானால் ரசிகர் கதை எழுதுவதே சட்டவிரோதமா?

அதிகம் கேட்கப்படும் கேள்வி இதுதான். நன்னூல் நூல்களை முதல்நூல், வழிநூல், சார்புநூல் என்று மூன்றாகப் பிரிக்கிறது. முதல்நூலை ஒட்டி நடந்து, பின்னால் வந்தவர் தனக்கு வேண்டிய மாறுதலைச் சேர்த்துச் சொன்னால் அது வழிநூல். வால்மீகியை ஒட்டி எழுந்த கம்பராமாயணம் வழிநூல்தான். நம் ரசிகர் கதைகளும் அந்த வகையைச் சேர்ந்தவையே. ஆனால் இன்றைய சட்டம், ஒரு படைப்பைத் தழுவி இன்னொன்று செய்யும் உரிமையை மூலப் படைப்பின் உரிமையாளர் கையில் கொடுத்திருக்கிறது. ஏட்டளவில் பார்த்தால் அவர் அனுமதி வேண்டும்.

இது பாதி உண்மை. ஏறக்குறைய எல்லாச் சட்டங்களிலும் விதிவிலக்குகள் உண்டு. விமர்சனம், பகடி, மூலத்துக்குப் புது அர்த்தம் தரும் மாற்றம் போன்றவற்றுக்கு அனுமதி கேட்க வேண்டாம் என்று பல நாடுகள் ஏற்கின்றன. அதற்கு அப்பால் உரிமையாளர் பார்த்தும் பார்க்காததுபோல விட்டுவிடும் பெரிய பரப்பு ஒன்று இருக்கிறது. ரசிகர் படைப்புகளில் பெரும்பகுதி அங்கேதான் இருக்கிறது என்பது என் அனுபவம். அதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை. ஆனால் ஒருவருடைய பெருந்தன்மையை நம் உரிமை என்று நினைத்துக்கொள்ளும்போதுதான் அடி விழுகிறது. எது சட்டம் தந்தது, எது விட்டுக்கொடுத்தது என்று பிரித்துப் பார்க்கத் தெரிந்தால் பாதிப் பிரச்சினை தீர்ந்தது.

2007ல் தொடங்கப்பட்ட 'ஆர்கனைசேஷன் ஃபார் டிரான்ஸ்ஃபர்மேட்டிவ் வொர்க்ஸ்' என்ற லாபநோக்கற்ற அமைப்பு, மாற்றிப் படைப்பது சட்டப்படியே சரி என்று உறுதியாக வாதாடி வருகிறது. அவர்கள் நடத்தும் ரசிகர் கதைக் களஞ்சியத்துக்கு 2019ல் அறிவியல் புனைவுலகின் ஹியூகோ விருது கிடைத்தது. அங்கேகூடப் பண வசூலுக்கும் விற்பனை இணைப்புகளுக்கும் இடமில்லை. காரணம் அடுத்த இரண்டு கேள்விகளில் வருகிறது.

'நியாயமான பயன்பாடு' என்கிறார்களே, அது என்ன?

அமெரிக்கச் சட்டத்தில் இருக்கும் விதிவிலக்கு அது. நீதிமன்றம் நான்கைப் பார்க்கும்: எதற்காகப் பயன்படுத்தினீர்கள், மூலம் எப்படிப்பட்ட படைப்பு, எவ்வளவு எடுத்தீர்கள், மூலத்தின் சந்தையை அது பாதிக்கிறதா. நான்கையும் சேர்த்து எடைபோடுவார்கள், அதனால் முன்கூட்டியே நூறு சதவீதம் உறுதி சொல்ல யாராலும் முடியாது. 1994ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஒரு பகடிப் பாடல் வழக்கில், மூலத்துக்குப் புதிய அர்த்தமோ நோக்கமோ சேர்கிறதா என்பதற்கு அதிக எடை கொடுத்தது. 2023ல் ஆண்டி வார்ஹோல் வரைந்த ஓர் உருவப்படம் பற்றிய வழக்கில் அதே நீதிமன்றம் கொஞ்சம் இறுக்கிப் பிடித்தது: தோற்றம் மாறினால் மட்டும் போதாது, மூலம் செய்யும் அதே வேலையை அதே சந்தையில் செய்தால் சிக்கல்தான்.

எல்லா நாட்டுக்கும் இது பொருந்தாது. இந்தியாவில் 1957ஆம் ஆண்டுச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, சொந்தப் பயன்பாடு, ஆராய்ச்சி, விமர்சனம், நடப்புச் செய்தி என்று குறிப்பிட்ட நோக்கங்களைச் சொல்கிறது. பகடி என்ற சொல்லே அதில் இல்லை. பிரிட்டன் 2014ல் பகடியையும் பாணிப் போலியையும் (ஒருவருடைய பாணியைப் போலவே செய்வது) விதிவிலக்கில் சேர்த்தது. ஐரோப்பிய ஒன்றியம் 2019ல் பயனர்கள் பதிவேற்றும் படைப்புகளுக்கு அதே பாதுகாப்பை எல்லா உறுப்பு நாடுகளிலும் கட்டாயமாக்கியது. நமக்கு மிக நெருக்கமானது கனடா: 2012லிருந்து அங்கே, லாபநோக்கமில்லாமல் பயனர் உருவாக்கும் படைப்புக்கென்றே தனிப்பிரிவு இருக்கிறது. மூலத்தைக் குறிப்பிட வேண்டும், அதன் சந்தையைக் கெடுக்கக் கூடாது என்ற நிபந்தனைகளோடு.

நான் காசே வாங்கவில்லை. அப்புறம் என்ன பிரச்சினை?

காசு வாங்காதது உங்கள் பக்கம் பலம் சேர்க்கும். ஆனால் அது மட்டுமே கவசம் ஆகாது. முழு நாவலையும் ஸ்கேன் செய்து இலவசமாகக் கொடுத்தாலும் மீறல் மீறல்தான்.

எதிர்த்திசையில் பார்த்தால், பணம் நுழைந்த உடனே உரிமையாளரின் பார்வை மாறிவிடும். 'ஸ்டார் டிரெக்' என்ற அமெரிக்க விண்வெளித் தொடரின் ரசிகர்கள் சிலர் கூட்டு நிதியில் பத்து லட்சம் டாலருக்கு மேல் திரட்டி ஒரு முழுநீளப் படம் எடுக்கப் போனார்கள். அதுவரை பல பத்தாண்டுகள் ரசிகர் படங்களைச் சகித்து வந்த உரிமையாளர்கள் 2015 டிசம்பரில் வழக்குப் போட்டார்கள். 2017 ஜனவரியில் நீதிமன்றம் நியாயமான பயன்பாடு என்ற வாதத்தை நிராகரித்தது, பிறகு சமரசம் ஆனது. இடையில் 2016ல் எல்லா 'ஸ்டார் டிரெக்' ரசிகர் படங்களுக்கும் உரிமையாளர்களின் விதிகள் வந்தன: ஒரு கதை 15 நிமிடத்துக்குள், இரண்டு பகுதி என்றால் மொத்தம் 30 நிமிடத்துக்குள், திரட்டும் நிதி 50,000 டாலருக்குள். ஒரு குழு எல்லை தாண்டியதற்கு அந்த உலகத்து ரசிகர்கள் எல்லோருக்கும் வேலி விழுந்தது. எனக்கு இந்த வழக்கில் மிகவும் உறுத்துவது அதுதான்.

"உரிமை எனக்கில்லை" என்று கீழே எழுதிவிட்டால் போதுமா? ஐந்து நொடி வரை எடுக்கலாமாமே?

போதாது. அந்த வரி மரியாதைக்கு நல்லது, மூலம் யாருடையது என்று படிப்பவருக்குத் தெரியும். சட்டத்தில் அதற்குப் பெரிய மதிப்பில்லை. ஐந்து நொடி, முப்பது நொடி, இருபது சதவீதம் மாற்றினால் சரி என்பதெல்லாம் வாய்வழியாக வந்த கதைகள். அப்படி ஒரு கணக்கு சட்டத்தில் கிடையாது.

உரிமையாளர் இத்தனை வருடம் ஒன்றும் சொல்லவில்லை. அது அனுமதி ஆகாதா?

மௌனம் சம்மதம் என்பது இங்கே செல்லாது. நேற்றுவரை விட்டவர் நாளைக்குக் கேட்கலாம்.

இருந்தாலும் மௌனத்தின் மேலேயே ஒரு பெரிய கலாச்சாரம் வளர முடியும் என்பதற்கு ஜப்பான் சாட்சி. ரசிகர்கள் தாங்களே அச்சடித்து விற்கும் 'டோஜின்ஷி' இதழ்களுக்காக 1975ல் தொடங்கிய காமிக் மார்க்கெட்டில் முதல்முறை 32 குழுக்கள் கலந்துகொண்டன. இன்று அது லட்சக்கணக்கானவர்கள் வந்துபோகும் விழா. பதிப்பகங்கள் பெரும்பாலும் கண்டுகொள்வதில்லை. நாளைய ஓவியர்கள் அங்கிருந்துதான் வருகிறார்கள் என்பது அவர்களுக்குத் தெரியும்.

இப்போது பல விளையாட்டு, அனிமே நிறுவனங்கள் ரசிகர் படைப்புக்கான விதிகளை வெளிப்படையாகவே போடுகின்றன. எது செய்யலாம், எத்தனை பிரதி விற்கலாம், சின்னத்தைப் பயன்படுத்தலாமா என்று எழுதியிருக்கும். வரையத் தொடங்கும் முன் ஐந்து நிமிடம் அதைத் தேடிப் படியுங்கள். குழுவில் கேட்கப்படும் கேள்விகளில் பாதிக்கு அங்கே நேரடியான பதில் இருக்கிறது.

பழைய படைப்பு என்றால் தாராளமாக எழுதலாம்தானே?

பதிப்புரிமைக் காலம் முடிந்திருந்தால் தாராளமாக எழுதலாம், விற்கலாம். ஆசிரியர் இறந்து இந்தியாவில் 60 வருடம், அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் பொதுவாக 70 வருடம். அமெரிக்காவில் பழைய படைப்புகளுக்கு வெளியான ஆண்டிலிருந்து 95 வருடம் என்ற கணக்கு.

கவனிக்க வேண்டிய இடம் ஒன்று உண்டு. ஷெர்லாக் ஹோம்ஸ் கதைகள் பல பத்தாண்டுகளாக வெளிவந்தவை. அமெரிக்காவில் 2014ல் நீதிமன்றம், உரிமை முடிந்த கதைகளில் இருக்கும் ஹோம்ஸை யாரும் பயன்படுத்தலாம், கடைசிக் கதைகளில் புதிதாகச் சேர்ந்த விஷயங்களுக்கு மட்டும் உரிமை மிச்சமிருக்கிறது என்றது. பிறகு வந்தது அடுத்த சண்டை. ஹோம்ஸ் கனிவும் உணர்ச்சியும் காட்டுவது கடைசிக் கதைகளில்தான், அதனால் கனிவான ஹோம்ஸ் எங்களுடையவர் என்று ஆசிரியரின் வாரிசுகள் தரப்பு 2020ல் ஒரு படத்தின் மீது வழக்குப் போட்டது. அது சில மாதங்களில் முடித்துக்கொள்ளப்பட்டது. 2023 ஜனவரி 1ல் கடைசிக் கதைகளின் உரிமையும் முடிந்து ஹோம்ஸ் முழுவதுமாக விடுதலை ஆனார். மிக்கி மௌஸும் இப்படித்தான்: 2024 ஜனவரி 1ல் அமெரிக்காவில் உரிமை முடிந்தது 1928ஆம் ஆண்டுக் கறுப்பு வெள்ளை மிக்கிக்குத்தான். பின்னால் மெருகேறிய உருவங்களுக்கு அவரவர் முறை வரவேண்டும். வணிகச் சின்னம் தனியாக நிற்கிறது.

மூல நாவல் உரிமைக் காலம் முடிந்த பொதுச்சொத்து, அதை வைத்து எடுத்த புதுப் படம் பொதுச்சொத்து இல்லை என்பதும் இதே தர்க்கம்தான். நாவலில் இருக்கும் வர்ணனையைப் பார்த்து நாயகியை வரையுங்கள். படத்தில் நடித்தவரின் முகம், நகை, உடை என்று வரைந்தால் நீங்கள் எடுத்தது படத்திலிருந்து.

எடிட் வீடியோ, பின்னணிப் பாட்டு, கவர் பாடுவது?

ஒரு பாட்டில் குறைந்தது இரண்டு உரிமைகள் இருக்கும்: இசையமைப்புக்கும் வரிகளுக்கும் ஒன்று, பதிவான ஒலிக்கு இன்னொன்று. நீங்களே பாடினால் ஒலிப்பதிவு உங்களுடையது, மெட்டும் வரிகளும் அப்போதும் அவர்களுடையவைதான். யூடியூப் போன்ற தளங்கள் பல உரிமையாளர்களோடு ஒப்பந்தம் வைத்திருப்பதால் கவர் வீடியோ நீக்கப்படாமல் விளம்பர வருமானம் மட்டும் அவர்களுக்குப் போகும். எடிட் வீடியோவில் காட்சிகளை அடுக்கும் விதத்தால் நீங்கள் ஏதாவது சொல்ல வேண்டும். முழுப் பாட்டையும் ஓடவிட்டு மேலே நான்கு காட்சி ஒட்டினால் அது எந்த ஊர் நீதிமன்றத்திலும் நிற்காது.

சப்டைட்டில் எழுதுவது சேவைதானே?

மனதளவில் சேவைதான், நானே எழுதியிருக்கிறேன். ஆனால் மொழிபெயர்க்கும் உரிமை பெர்ன் உடன்படிக்கையிலேயே ஆசிரியருக்கென்று ஒதுக்கப்பட்டது. நெதர்லாந்தில் ரசிகர் சப்டைட்டில்காரர்கள் தாங்களே நீதிமன்றம் போய்க் கேட்டார்கள். 2017ல் வந்த தீர்ப்பு அவர்களுக்கு எதிராகத்தான் இருந்தது.

நீக்கல் அறிவிப்பு வந்துவிட்டது. என்ன செய்வது?

முதலில் எதையும் அழிக்காதீர்கள், யாருக்கும் கோபமாகப் பதில் எழுதாதீர்கள். அறிவிப்பை முழுதாகப் படியுங்கள். யார் அனுப்பியது, எந்தப் படைப்பைச் சொல்கிறார்கள், எந்தப் பகுதி என்பது அதில் இருக்க வேண்டும். யூடியூபில் 'கிளெய்ம்' வேறு, 'ஸ்ட்ரைக்' வேறு. கிளெய்ம் பெரும்பாலும் இயந்திரம் ஒலியையோ காட்சியையோ ஒப்பிட்டுப் பிடிப்பது. வருமானம் போகும், அல்லது வீடியோ சில இடங்களில் தெரியாமல் போகும். ஸ்ட்ரைக் என்பது சட்டப்படியான நீக்கல் கோரிக்கையால் வருவது. 90 நாளுக்குள் மூன்று சேர்ந்தால் சேனலே போய்விடும்.

சில மாதங்களுக்கு முன் எங்கள் குழுவில் ஒரு பெண் இரவு பதினொன்றரைக்கு ஸ்கிரீன்ஷாட் அனுப்பினார். ஓர் ஓவியத்துக்கு வந்த நீக்கல் அறிவிப்பு. "என்மேல் வழக்கு வருமா அண்ணா?" என்று கேட்டிருந்தார். அறிவிப்பைக் கீழே வரை இழுத்துப் படித்தபோது, உரிமையாளர் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் வேறு ஏதோ ஒரு பெயர் இருந்தது. அந்தப் படைப்போடு சம்பந்தமே இல்லாத யாரோ அனுப்பியிருக்கிறார்கள். தளத்துக்கு விளக்கம் எழுதினோம், நான்கு நாளில் ஓவியம் திரும்ப வந்தது. எல்லா அறிவிப்பும் உண்மையானது என்று நினைத்து அவசரப்பட வேண்டாம்.

அறிவிப்பு தவறு என்று நம்பினால் எதிர் அறிவிப்பு அனுப்பலாம். அமெரிக்கச் சட்டப்படி, புகார் கொடுத்தவர் வழக்குப் போடாவிட்டால் 10 முதல் 14 வேலை நாளில் தளம் அதைத் திரும்பப் போட வேண்டும். இந்திய விதிகளில், புகார் வந்த 36 மணி நேரத்துக்குள் தளம் முடக்க வேண்டும். 21 நாளுக்குள் நீதிமன்ற உத்தரவு வரவில்லை என்றால் மீண்டும் திறந்துவிடலாம். அமெரிக்க எதிர் அறிவிப்பில் உங்கள் உண்மைப் பெயர், முகவரி, தொலைபேசி எண் மூன்றையும் கொடுக்க வேண்டும், அவை புகார்க்காரர் கைக்குப் போகும். புனைபெயரில் எழுதுபவர்கள், வீட்டுக்குத் தெரியாமல் எழுதுபவர்கள் இதை யோசித்துவிட்டுத்தான் அனுப்ப வேண்டும். யாருக்கும் தைரியம் சொல்லி இதில் தள்ளிவிடாதீர்கள்.

உரிமையாளருக்கும் கடமை உண்டு. ஒரு தாய் தன் குழந்தை ஆடும் 29 நொடி வீடியோவைப் போட, பின்னால் கேட்ட பாட்டுக்காக அது நீக்கப்பட்டது. அவர் விடாமல் போராடினார். நீக்கச் சொல்வதற்கு முன் நியாயமான பயன்பாடா என்று உரிமையாளர் யோசித்தே ஆக வேண்டும் என அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம் 2015ல் சொன்னது அந்த வழக்கில்தான்.

என் ரசிகர் ஓவியத்தை யாரோ எடுத்துப் போட்டுவிட்டார்கள். எனக்கு உரிமை உண்டா?

உங்கள் கோடுகள், வண்ணம், கோணம் என்று நீங்கள் சேர்த்ததற்கு வாதாட இடமுண்டு. ஆனால் அடிப்படைக் கதாபாத்திரமே அனுமதியில்லாமல் எடுத்தது என்றால் அந்த வாதம் வலுவிழக்கும். சட்டத்தை விட்டுவிட்டாலும், ரசிகர்களுக்குள் இது நம்பிக்கைத் துரோகம்.

பெரும்பாலும் நடப்பது இதுதான்: ஓவியத்தின் வலது கீழ்மூலையில் சின்னதாகக் கையெழுத்து இருக்கும். எடுப்பவர் கீழே ஒரு விரற்கடை வெட்டிவிடுவார், பாதத்தின் நுனியும் சேர்ந்து போயிருக்கும். அந்த வெட்டுப்பட்ட பாதத்தைப் பார்த்தே எத்தனையோ திருட்டுகளைக் கண்டுபிடித்திருக்கிறோம். அதனால் கையெழுத்தை உடையின் மடிப்பிலோ தலைமுடியின் இழையிலோ கலந்து போடச் சொல்கிறேன். லேயரோடு இருக்கும் மூலக் கோப்பை எப்போதும் வைத்திருங்கள், அதைவிட நல்ல சாட்சி இல்லை. "கிரெடிட் கொடுத்தேனே" என்பதும் பதில் ஆகாது. பெயர் போட்டு எடுத்தாலும் கேட்காமல் எடுத்தது எடுத்ததுதான்.

மூல ஆசிரியர் என் ரசிகர் கதையைத் திருடினால் வழக்குப் போடலாமா?

ஓர் அமெரிக்கர் 'லார்ட் ஆஃப் த ரிங்ஸ்' கதைக்குத் தானே ஒரு தொடர்ச்சி எழுதி 2022ல் விற்றார். பிறகு தன் கதையைத் திருடிவிட்டதாக டோல்கீன் வாரிசுகள் மீதும் அமேசான் மீதும் 25 கோடி டாலர் கேட்டு வழக்குப் போட்டார். அனுமதியில்லாத வழிப்படைப்புக்குப் பாதுகாப்பே கிடையாது என்று 2023ல் வழக்கு தள்ளுபடி ஆனது. வாரிசுகள் தனியாகப் போட்ட வழக்கில், எல்லாப் பிரதிகளையும் அழிக்க வேண்டும் என்று உத்தரவு வந்தது. அவர் போட்ட வழக்குக்காகச் சுமார் 1,34,000 டாலர் வக்கீல் செலவு கட்ட வேண்டும் என்றும் உத்தரவானது. இத்தகைய வழக்கில் இறங்கும் முன் பலமுறை யோசிக்க வேண்டும்.

பெயர்களை மாற்றிப் புத்தகமாகப் போடலாமா?

போடலாம், நிறையப் பேர் போட்டிருக்கிறார்கள். 'ஃபிப்டி ஷேட்ஸ்' தொடர் 'ட்விலைட்' ரசிகர் கதையாகத் தொடங்கியதுதான். பெயரைத் தேடி மாற்றுவது மட்டும் போதாது. உலகம், உறவுகள், திருப்பங்கள் எல்லாம் உங்களுடையவையாக மாற வேண்டும். மூலம் தெரியாத ஒரு நண்பரிடம் கொடுத்துப் பாருங்கள். விளக்கம் சொல்லாமலே அவருக்குக் கதை புரிந்தால் அது தனியாக நிற்கிறது.

செயற்கை நுண்ணறிவில் உருவாக்கிய ரசிகர் படம்?

மனிதக் கை இல்லாத படத்துக்கு அமெரிக்காவில் பதிப்புரிமை கிடையாது, 2025ல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது. கதாபாத்திரத்தின் உரிமையாளருடைய உரிமை மட்டும் அப்படியே இருக்கும். எங்கள் குழுவில் அப்படிப்பட்ட படங்களைக் குறிப்போடு போடச் சொல்கிறோம்.

உரிமையாளருக்கே எழுதி அனுமதி கேட்கலாமா?

சும்மா எழுதவும் வரையவும் என்றால் கேட்டுத்தான் ஆக வேண்டும் என்று நான் யாரையும் கட்டாயப்படுத்துவதில்லை. விற்கப் போகிறீர்கள் என்றால் கேளுங்கள். கதையை இணைத்து அனுப்பாதீர்கள். பின்னால் திருட்டுப் புகார் வருமோ என்று பல ஆசிரியர்கள் ரசிகர் கதைகளைத் திறந்தே பார்ப்பதில்லை. என்ன செய்யப் போகிறீர்கள், எத்தனை பிரதி, என்ன விலை, எங்கே விற்பீர்கள் என்று நான்கு வரி போதும். எங்கள் குழுவில் ஒருவர் இப்படி எழுதி, ஐம்பது ஒட்டுப்படங்களுக்கு அனுமதி வாங்கினார். பதில் வர ஏழு வாரம் ஆனது. அந்த ஏழு வாரமும் அச்சடிக்காமல் காத்திருந்தார்.